லிஸ்ட் மட்டும் கேட்ட மகளுக்கு

பாப்பா,

நாற்பத்து மூன்று நாள் கழித்து உன்னிடமிருந்து வந்த முதல் செய்தி, நீ எடுத்துப் போன மாடல் ட்ரெயினைப் பற்றி, இது: "மோட்டார் கோச் ஓடல. தள்ளினா ரெண்டு அடி போகுது. என்னென்ன டூல்ஸ் வாங்கணும், லிஸ்ட் மட்டும் அனுப்பு." அந்த 'மட்டும்' எனக்குப் புரியாமல் இல்லை. லிஸ்ட்டைத் தனித்தாளில் எழுதி இந்தக் கவருக்குள்ளேயே வைத்திருக்கிறேன். அதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் படிக்காமல் கிழித்துப் போட உனக்கு உரிமை உண்டு. படிப்பதாக இருந்தால் முழுக்கப் படி. பாதியில் நிறுத்தினால் நான் உன்னிடம் சமாதானம் பேச வந்திருப்பதாக நினைத்துக்கொள்வாய். அதற்காக எழுதவில்லை. உன்னிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். அதைத் திருத்தத்தான் எழுதுகிறேன்.

எனக்கு இப்படியெல்லாம் எழுதிப் பழக்கமில்லை. இருபத்தொரு வயதில் அப்பனானவன். உன் காலேஜ் கேட்டில் செக்யூரிட்டி என்னைப் பார்த்து "அண்ணனா?" என்று கேட்டபோது நீ சிரித்தாய், எனக்கு எரிச்சல் வந்தது. ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாக இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன் வேலை. ஒரு மெஷின் நின்றால் பத்து நிமிடத்தில் காரணம் சொல்ல வேண்டும். பதினோராவது நிமிடம் மேலாளர் தலைக்கு மேல் நிற்பார். அந்தப் புத்தியோடுதான் வீட்டிலும் இருந்தேன். காரணம் என்ன, எதைக் கழற்றணும், எதை மாற்றணும். மனிதர்களிடமும் அதே மூன்று கேள்விதான்.

சரி, டூல்ஸ். முதலில் வாங்க வேண்டியது ஸ்க்ரூடிரைவர் இல்லை, ஸ்பாஞ்ச். கட்டிலுக்குப் போடும் மெத்தை நுரை ஒரு சாண் அகலத்துக்குக் கிடைத்தால் போதும். நடுவில் கத்தியால் வி வடிவத்தில் வெட்டிக்கொள். வண்டியைத் தலைகீழாகப் படுக்க வைக்க அதுதான் தொட்டில். இது இல்லாமல் மேஜையில் வெறுமனே கவிழ்த்தால் முதல் நாளே கூரை மேலிருக்கும், கரண்ட் கம்பியைத் தொடும் பேன்டோகிராப்பை உடைப்பாய். நான் மூன்றை உடைத்திருக்கிறேன். மூன்றாவது உடைந்த அன்றைக்குத்தான் உன் அம்மா தையல் மெஷினுக்கு அடியில் கிடந்த பழைய குஷனை எடுத்து, கத்தரிக்கோலால் வெட்டி என் முன்னால் வைத்தாள். ஆர்டர் ப்ளவுஸ் நாலு பாக்கி இருந்தது, மறுபடி போய் உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்தது மல்டிமீட்டர். தள்ளினால் இரண்டு அடி போகிறது என்றால் மோட்டார் சாகவில்லை என்று அர்த்தம். கரண்ட் போய்ச் சேரவில்லை. உடனே மோட்டாரைப் பிரிக்காதே. நான் பிரிப்பேன், நீ பிரிக்காதே. முதலில் தண்டவாளத்தை ஆல்கஹால் நனைத்த துணியால் துடை. மெடிக்கலில் ஸ்பிரிட் என்று ஏதாவது கொடுப்பார்கள், வேண்டாம். எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஐசோப்ரொபைல் என்று கேட்டு வாங்கு. பிறகு காது பட்ஸால் சக்கரங்களைத் துடை. கறுப்பாக வரும், வெள்ளையாக வரும்வரை துடை. அப்புறம் மீட்டரில் பீப் சத்தம் வரும் செட்டிங் வைத்து, ஒரு முனையைச் சக்கரத்திலும் மறுமுனையை மோட்டார் ஒயரிலும் வை. பீப் வராத சக்கரம்தான் குற்றவாளி. அதன் பின்னால் மயிரிழை போல ஒரு செப்புத் தகடு உரசிக்கொண்டிருக்க வேண்டும், அது விலகியிருக்கும். முனை கூர்மையான ட்வீசரால் மெல்ல உள்ளே வளை. அதோடு வேலை முடிந்துவிடும். எல்லாச் சக்கரமும் பீப் அடித்து அப்போதும் ஓடாவிட்டால் மட்டும் மோட்டாருக்குப் போ.

ஸ்க்ரூடிரைவர் வாங்கும்போது செட்டாக வாங்காதே. ஒன்றோ இரண்டோ வாங்கு, நல்லதாக வாங்கு. முனை ஸ்க்ரூவின் வெட்டுக்குள் ஆடாமல் உட்கார வேண்டும். கொஞ்சம் சின்னதாக இருந்தால்கூடத் தலை வழுக்கிவிடும். வழுக்கிய தலையை எந்த டூலாலும் பழையபடி ஆக்க முடியாது. எண்ணெய் விடுவதற்கு ஊசி முனை. ஒரு சொட்டு என்று எல்லோரும் சொல்வார்கள், சொட்டே அதிகம். ஊசியை எண்ணெயில் தொட்டு எடுத்து அச்சில் தொட்டால் போதும். எண்ணெய் போதாமல் கெட்ட வண்டியை விட எண்ணெய் அதிகமாகிக் கெட்ட வண்டிதான் என்னிடம் நிறைய வந்திருக்கிறது. சக்கரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளக்க ஒரு டிஜிட்டல் வெர்னியர். உள்பக்கத்திலிருந்து உள்பக்கம் பதினாலரை மில்லி. கால் மில்லி குறைந்தாலும் தண்டவாளம் பிரியும் பாயின்ட்டில் தடம் புரளும்.

இனி லூப். நெற்றியில் மாட்டிக்கொள்வோமே, முன்னால் விளக்கு எரியும் பூதக்கண்ணாடி. அதை வாங்கு. ஆனால் அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்க முடியாது.

அந்த மூன்று பெட்டி எலக்ட்ரிக் ட்ரெயினை நான் மாடம்பாக்கம் வீட்டில் இரண்டு வருடம் உட்கார்ந்து செய்தேன். ப்ளாஸ்டிக் ஷீட்டை வெட்டி ஒட்டி ஜன்னல் கம்பி வரை வைத்தேன். பெயின்ட் மட்டும் எனக்கு வராது. காயும்வரை காத்திருக்க மாட்டேன், தொட்டுப் பார்ப்பேன். அதனால் பெயின்ட் அடித்தது உன் அம்மா. பச்சையும் க்ரீமும் சந்திக்கும் கோட்டை அவள் டேப் ஒட்டாமல் வெறும் கையால் இழுத்தாள். மோட்டார் கோச், நடுக் கோச் இரண்டும் முடிந்து மூன்றாவதாக லேடீஸ் கோச்சை மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் காய வைத்திருந்தாள். மழை வந்தது. ஓடிப் போய்த் தூக்கினாள். கூரையில் அவள் கட்டைவிரல் பதிந்துவிட்டது. அது வரைக்கும் உனக்குத் தெரியும். "அம்மா மழையில இருந்து காப்பாத்தின ட்ரெயின்" என்று உன் ஃப்ரெண்ட்ஸுக்கெல்லாம் காட்டியிருக்கிறாய்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. நீ டியூஷனில் இருந்தாய். நான் ஷிப்ட் முடிந்து படப்பை ட்ராபிக்கில் ஒன்றரை மணி நேரம் நின்று வந்திருந்தேன். கூரையைப் பார்த்தேன். இந்தத் தொழிலில் ஈரப் பெயின்ட்டில் விரல் பதிவதைவிடக் கேவலமான குறை கிடையாது. யார் பார்த்தாலும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி அடிக்கிறேன் என்றேன். அவள் சிரித்தாள். "இருக்கட்டும் விடு. ட்ரெயின்னா நாலு பேர் கை படத்தான் செய்யும்" என்றாள். அவள் சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மாற்றாமல். "பொறுமையில்லாதவளுக்கு ப்ரஷ் எதுக்கு? ரெண்டு வருஷ வேலையை ஒரு நிமிஷத்துல நாசம் பண்ணிட்ட. போய் ப்ளவுஸ் தை, அதுதான் உனக்கு லாயக்கு."

ப்ரஷ்களைத் தின்னரில் கழுவி, துடைத்து, தாளில் சுற்றி என் மேஜை டிராயரில் வைத்தாள். அதற்கப்புறம் அவள் அவற்றை எடுக்கவில்லை. அந்தக் கோச்சில் நம்பர் எழுதாமலே நின்றுவிட்டது, பார்த்திருப்பாய். அம்மா ஏன் பெயின்ட் அடிப்பதை நிறுத்தினாள் என்று நீ ஒரு தடவை கேட்டாய். கண் வலிக்கிறதாம் என்றேன். அது முதல் பொய். பத்து மாதம் கழித்து அவள் தலையில் ரத்தம் கசிந்து நான்கு நாள் படுத்திருந்து போய்விட்டாள். அந்தப் பத்து மாதத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், மன்னித்துக்கொள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இருப்பதாகவே தோன்றவில்லை. நான் சொன்னது டெக்னிக்கலாகச் சரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் போன பிறகு நீ அந்தக் கோச்சை ஷோகேஸில் முன்னால் வைத்தாய். காலேஜிலிருந்து வந்ததும் பையை வைப்பதற்கு முன்னால் கண்ணாடிக் கதவைத் திறந்து, கூரையில் அந்த இடத்தில் உன் கட்டைவிரலை வைப்பாய். முதலில் தேடித் தேடி வைப்பாய். இரண்டாம் வருடம் வரும்போது உன் விரல் பார்க்காமலே அந்த அச்சில் போய்ப் பொருந்தியது. அப்புறம்தான் என்னைப் பார்த்து "சாப்டியாப்பா" என்று கேட்பாய். மூன்று வருடம் நான் இதைத் தினமும் பார்த்தேன். உனக்கு அது அம்மாவின் விரல். எனக்கு அது நான் கத்திய நாள். நீ ஒவ்வொரு தடவை தொடும்போதும் எனக்கு என் குரலே கேட்கும். போய் ப்ளவுஸ் தை.

உனக்கு வேலை வந்தது. பூனாவுக்கு ட்ரெயினையும் எடுத்துப் போகிறேன் என்றாய். பெயின்ட் ஓரங்களில் உரிகிறது, போவதற்கு முன்னால் சரி செய்து தருகிறேன் என்றேன். உரிந்தது உண்மை. உன் அம்மா ப்ரைமர் போடாமல் அடித்திருந்தாள். ஓரத்தை மட்டும் ஒட்டி, மேலே மேட் வார்னிஷ் ஒரு கோட் கொடுத்திருந்தால் இன்னும் பத்து வருடம் நின்றிருக்கும். எனக்கு அது தெரியும். ஆனால் கீழ்க்கட்டளையில் செல்வத்தின் பைக் ஷெட்டுக்குப் போனேன். செல்வத்தை உனக்குத் தெரியும், உன் பிறந்தநாளுக்கு செயின் ஸ்ப்ராக்கெட்டில் கடிகாரம் செய்து கொடுத்தவன். எங்கள் மாடல் ட்ரெயின் குரூப்பில் அவனும் இருக்கிறான். பிரேக் ஆயில் வேண்டும் என்றேன். ப்ளாஸ்டிக்கைத் தொடாமல் பெயின்ட்டை மட்டும் தின்னும், எங்கள் ஆட்கள் எல்லோரும் அதைத்தான் பயன்படுத்துவார்கள். "இன்னா மச்சான், எத்த உரிக்கப் போற?" என்று கேட்டான். சும்மா ஒரு பழைய கோச் என்றேன். அவனிடமும் பொய்.

வீட்டுக்கு வந்து லூப்பை மாட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தேன். இதுதான் நான் உனக்குச் சொல்ல வேண்டியது. பார்த்தேன் பாப்பா. பத்து நிமிடம் பார்த்தேன். ரேகைகள் சுழித்துச் சுழித்து நடுவில் ஒரு கண் போல முடிந்தன. ஓரத்தில் ஒரு கீறல், ஊசி குத்திக் குத்தித் தழும்பான இடம். ஒரு துணி நூல் பெயின்ட்டோடு ஒட்டிக் காய்ந்திருந்தது, சிவப்பு. அன்றைக்கு அவள் சிவப்பு ப்ளவுஸ் தைத்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. அது யாருடைய விரல் என்று எனக்குத் தெரியும். அது உனக்கு என்னவாக இருக்கிறது என்றும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் ட்ரேயில் ஆயிலை ஊற்றிக் கோச்சைத் தலைகீழாக வைத்தேன். கூரைதான் முதலில் ஊற வேண்டும் என்று பார்த்து வைத்தேன். மூடி போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன்.

நீ தாம்பரம் மார்க்கெட்டில் சூட்கேஸ் வாங்கிக்கொண்டு வந்தபோது நான் பழைய டூத் ப்ரஷ்ஷால் கடைசிப் பச்சையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ட்ரேயைப் பார்த்தாய். நீ அழவில்லை. நீ அழுதிருந்தால் ஒருவேளை நான் உண்மையைச் சொல்லியிருப்பேன். "அப்பா, அது மேல அம்மா விரல் இருந்துச்சே. தெரியலையா உனக்கு?" என்று மெதுவாகக் கேட்டாய். கையில் க்ளவுஸ், நெற்றியில் லூப், விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது. "கவனிக்கல பாப்பா" என்றேன்.

நம்பிவிட்டாய். அதுதான் கொடுமை. அப்பா அவசரக்காரன், எதையும் கவனிக்காதவன் என்று இருபது வருடமாக நான் உனக்குப் பழக்கி வைத்திருந்தேன், அது அன்றைக்கு எனக்கு உதவியது. "இனிமே என் பொருள் எதையும் தொடாத" என்றாய். மீதி இரண்டு பெட்டியை உன் துணிகளுக்கு நடுவில் சுற்றி வைத்துக்கொண்டாய். கிளம்பும் அன்று சென்ட்ரல் வரைக்கும் வருகிறேன் என்றேன், தாம்பரத்தோடு நின்றுகொள் என்றாய். லோக்கல் ட்ரெயினில் லேடீஸில் ஏறி ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாய். நான் பிளாட்பாரத்தில் நின்றது உனக்குத் தெரிந்திருக்கும், திரும்பவில்லை. ட்ரெயின் அடுத்த ஸ்டேஷன் சானடோரியம் தாண்டியிருக்கும், அப்போதும் அங்கேயே நின்றிருந்தேன். பின்னால் வந்தவர் "சார், ஏர்றீங்களா இல்லையா?" என்று கேட்டபோதுதான் நகர்ந்தேன்.

ஏன் செய்தேன் என்று உனக்கும் கேள்வி வரும். மூன்று வருடமாக என் முன்னால் வைக்கப்பட்டிருந்த ஒரு சாட்சியை அழித்தேன். அது பாதிக் காரணம். மீதிப் பாதி இன்னும் அசிங்கமானது. நீ வீட்டுக்குள் வந்ததும் முதலில் போவது அதனிடம், அப்புறம்தான் என்னிடம். விரல் நகம் அளவு பெயின்ட் மேல் எனக்குப் பொறாமை. அது போய்விட்டால் நேராக என்னிடம் வருவாய் என்று எங்கோ நினைத்திருக்கிறேன். எழுதிப் பார்த்தால் எவ்வளவு முட்டாள்தனமாக இருக்கிறது. அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை, சுத்தம் செய்கிறேன் என்றே தோன்றியது. உரித்த கோச்சைப் படமெடுத்து குரூப்பில் வேறு போட்டேன். "செம க்ளீன்", "புதுசு தோத்துச்சு" என்று எழுதினார்கள். அதைப் படித்துச் சந்தோஷப்பட்டேன் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இது வரை எழுதியதைச் செல்வத்திடம் காட்டினேன். ஒரு பல்சரை ஸ்டாண்ட் போட்டு நிறுத்திவிட்டு, கை துடைத்துக்கொண்டு, நின்றபடியே முழுக்கப் படித்தான். பிறகு சொன்னான்: "இத்த அனுப்பாத மச்சான். இப்போ அது உன்ன கவனிக்காதவன்னு நெனச்சிகினு கீது. ஆறு மாசத்துல கோவம் ஆறிடும். இத்த படிச்சா ஆறாது. தெரிஞ்சே பண்ணவன்னு ஆயிடும்." அவன் சொல்வது சரி என்றேன். "அப்புறம் இன்னாத்துக்குடா?" என்றான்.

அவனுக்குச் சொன்ன பதிலை உனக்கும் சொல்கிறேன். நீ என்னிடம் அதிகம் கேட்டவள் இல்லை. அம்மா ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாலு நாளிலும்கூட டாக்டரிடம்தான் கேட்டாய், என்னிடம் கேட்கவில்லை. ட்ரே முன்னால் நின்று கேட்டதுதான் எனக்கு மட்டுமே பதில் தெரிந்த ஒரே கேள்வி. அதற்குப் பொய்யான பதிலைக் கொடுத்து, அந்தப் பொய்யின் மேல் நீ என்னை மன்னித்தால், நீ மன்னிப்பது வேறு யாரோ ஒருவனை. அவன் வீட்டில் நான் குடியிருக்க முடியாது. செல்வம் "நீ ரொம்ப படிச்சவன்டா, பேஜாரு" என்று சொல்லிவிட்டுப் பைக்குக்குப் போய்விட்டான். இதே கடிதத்தை, உன் பெயரையும் அம்மா பெயரையும் எடுத்துவிட்டு, குரூப்பிலும் போடப் போகிறேன். பாராட்டு வாங்கியது அங்கே. அந்தப் படத்துக்கு அடியில் உண்மையும் இருக்கட்டும். இன்னொருவன் ட்ரேயில் ஆயிலை ஊற்றும் முன்னால் ஒரு நிமிடம் யோசித்தாலும் சரி. உனக்கு வேண்டாம் என்றால் ஒரு வார்த்தை சொல், போட மாட்டேன்.

அந்தக் கோச் இப்போது சாம்பல் நிறத்தில் வெறும் ப்ளாஸ்டிக்காக நிற்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் கூரையில் என் விரலை வைத்துப் பார்த்தேன். வழவழவென்று இருக்கிறது. நான் அதற்குப் பெயின்ட் அடிக்கப் போவதில்லை. அடித்தால் நன்றாகத்தான் வரும், இப்போது ஏர்பிரஷ் இருக்கிறது, காயும்வரை காத்திருக்கவும் கற்றுக்கொண்டிருக்கிறேன். நன்றாக வந்துவிடும் என்பதுதான் பயம். யாராவது பார்த்து அழகாக இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள்.

உனக்கு அறிவுரை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. லிஸ்ட்டில் உள்ளது போதும். ஒன்றே ஒன்று. ஒருவரிடம் கத்திவிட்டால் அன்றைக்கே போய்ச் சொல்லிவிடு, நீ சொன்னது எவ்வளவு சரியாக இருந்தாலும். பத்து மாதம் இருக்கிறது என்று நினைக்காதே. இருந்தாலும் சொல்ல மாட்டாய். நான் சொல்லவில்லை.

பொங்கலுக்கு ரிசர்வேஷன் திறந்துவிட்டது. வழக்கமாக இருந்தால் இந்நேரம் உன்னைக் கேட்காமலே டிக்கெட் போட்டு, ஜன்னல் சீட் வந்ததா என்று பார்த்து, ஸ்க்ரீன்ஷாட் அனுப்பியிருப்பேன். போடவில்லை. வருவதாக இருந்தால் நீயே போட்டுக்கொள். வராவிட்டால் ஏன் என்று நான் கேட்க மாட்டேன். ஒரு காரணத்தைப் பத்து தடவை துருவிக் கேட்பவன்தான் உன் அப்பன். இந்தத் தடவை கேட்க ஒன்றுமில்லை. காரணம் எனக்குத் தெரியும். இப்போது உனக்கும் தெரியும்.

அப்பா